தேங்கும் நீரும் வீங்கும் சிறுநீரகமும்

வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால், நீர் கடைமடைக்குச் செல்லாது மேலேயே தேங்கிக் கரையை அரிக்கத் தொடங்கும். அடைப்பை அன்றே வெட்டி நீக்கினால் கரையும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று பல நாள் விட்டுவிட்டால், பிறகு அடைப்பை நீக்கினாலும் நீரில் மூழ்கி அழுகிய பயிர் மீண்டும் தலைநிமிர்வதில்லை. இதை உழவர் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நமது உடலினுள்ளும் இத்தகையதொரு வாய்க்கால் உண்டு. அதில் ஏற்படும் அடைப்பினால் சிறுநீர் மேல்நோக்கித் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவதை மருத்துவர்கள் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று அழைக்கின்றனர். ஸ்கேன் சீட்டில் இச்சொல்லைக் கண்டு, பொருள் விளங்காது அஞ்சுவோரும் உளர். பொருட்படுத்தாது சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோரும் உளர். இருசாராருக்கும் பயன்படும் வகையில் இந்நோயின் இயல்பையும், அதனைத் தீர்க்கும் முறைகளையும் இங்கு விளக்குவோம்.

நமது சங்கத்து அங்கத்தினர் யாவரும் உடலுழைப்பை நம்பி வாழ்பவர்கள். இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போனவர், உயிர் வாழ்வதற்கு இரத்தத்தைக் கருவியின் மூலம் சுத்திகரித்துக்கொள்ளுதல் வேண்டும். டயாலிசிஸ் எனப்படும் இச்சிகிச்சை வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறுவது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் கழிய, தறி எங்ஙனம் ஓடும்? நாற்று எங்ஙனம் நடப்படும்? சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோய்களுள் பல, முற்றிலும் தீர்க்க இயலாதவை. ஆயின் அடைப்பினால் வரும் கேடு, காலத்தே கவனித்தால் பெரும்பாலும் தீர்க்கக்கூடியது. இக்காரணம் பற்றியே இதனை யாவரும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

சிறுநீர் உண்டாகும் வகை

விலா எலும்புகளின் கீழ்ப்புறத்தில், முதுகெலும்பின் இரு மருங்கிலும் அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. எடை ஏறத்தாழ 150 கிராம். ஒவ்வொன்றினுள்ளும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை இரத்தத்தினின்று வடித்தெடுத்து, அதில் மிகப் பெரும் பகுதியை உடலுக்கே திருப்பிவிட்டு, எஞ்சிய 1½ லிட்டர் அளவை மட்டும் கழிவுப் பொருள்களோடு சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடலின் உப்பைச் சீராக வைத்தல், இரத்த அழுத்தத்தைக் காத்தல், புதிய இரத்த அணுக்கள் உண்டாவதற்குத் தூண்டுதல் அளித்தல் ஆகியனவும் சிறுநீரகத்தின் பணிகளே.

வடிந்த சிறுநீர் முதலில் சிறுநீரகத்தின் நடுவிலுள்ள புனல் போன்ற பையில் வந்து சேர்கிறது. அங்கிருந்து சிறுநீர்க்குழல் என்னும் மெல்லிய குழாய் கீழே இறங்குகிறது. இதன் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உட்புற விட்டமோ 3 அல்லது 4 மில்லிமீட்டரே. இக்குழல் புழு ஊர்வதுபோல் சுருங்கி விரிந்து சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. இதில் இயல்பாகவே குறுகலான இடங்கள் மூன்று உண்டு: பையிலிருந்து குழல் தொடங்கும் இடம், இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய இரத்தக் குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையினுள் நுழையும் இடம். கற்கள் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றிலேயே சிக்குகின்றன.

வீக்கம் என்பது யாது?

வழியில் எங்கு அடைப்பு ஏற்பட்டாலும் அதற்கு மேலே உள்ள பகுதி விரியும். ஒரு பக்கத்துக் குழல் அடைபட்டால் அப்பக்கத்துச் சிறுநீரகம் மட்டும் வீங்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே வழி அடைபட்டால் இரண்டும் வீங்கும். இதுவே மிக்க ஆபத்தானது. தேங்கிய நீரின் அழுத்தம் நுண்ணிய வடிகட்டிகளைப் பின்னிருந்து நெருக்குகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. நாளடைவில் சதைப்பகுதி மெலிந்து, சிறுநீரகம் நீர் நிரம்பிய வெறும் பைபோல் ஆகிவிடுகிறது.

இவ்வாறாயின், வீக்கம் தனியொரு நோயன்று. கீழே ஏதோ அடைப்பு உளது என்பதற்கு அடையாளமே அது என்பது பெறப்படும். ஆகவே, வீக்கத்துக்கு மருந்து யாது என வினவுவதைவிட, அடைப்பு எங்கே, எதனால் என வினவுவதே முறையாகும்.

எத்துணை நாள் தாங்கும் என்பது அடைப்பின் தன்மையைப் பொறுத்தது. முழு அடைப்பு சில நாள்களுள் நீக்கப்பட்டால், சிறுநீரகம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வாரக்கணக்கில் நீடித்தால் இழந்த ஆற்றலில் ஒரு பகுதியே மீளும். மேலும் நீடித்தால் ஒன்றும் மீளாது. அரைகுறையான அடைப்பு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். வலியற்ற நிலையில் இது நிகழ்வதே பெரிய தீங்கு.

வயதுக்கேற்ற காரணங்கள்

கருவிலுள்ள குழந்தைக்கே இவ்வீக்கம் இருப்பதை இன்று ஸ்கேன் மூலம் காண்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை பிறந்தபின் தாமே சரியாகிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு, பையும் குழலும் சேருமிடம் பிறவியிலேயே குறுகி இருக்கும். சிலருக்குச் சிறுநீர்ப்பையினின்று நீர் மேல்நோக்கித் திரும்பும் குறை இருக்கும். ஆண் குழந்தைகளுள் சிலருக்குச் சிறுநீர் வெளியேறும் வழியில் மெல்லிய சவ்வு மடிப்பு தடையாக நிற்கும். ஆண் குழந்தை தாரையாகச் சிறுநீர் விடாமல், சொட்டுச் சொட்டாக முக்கி விடுமாயின், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். காரணம் தெரியாது அடிக்கடி காய்ச்சல் காணும் குழந்தையின் சிறுநீரையும் சோதித்தல் நலம்.

நடுவயதினருக்கு முதன்மையான காரணம் சிறுநீர்க் கல்லே. வியர்வையாக நீர் மிகுதியும் வெளியேறி, குடிக்கும் நீர் குறைவாக இருப்பின் சிறுநீர் கெட்டிப்படுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் படிகமாகிக் கல்லாகின்றன. வெயிலில் உழைப்போரிடம் கல் மிகுவதற்கு இதுவே காரணமாகும்.

கருவுற்ற மாதர்க்கு, வளரும் கருப்பையின் அழுத்தத்தாலும், உடலில் நிகழும் சுரப்பு மாறுதலாலும் சிறுநீரகம் சற்று விரிதல் இயல்பு. வலப்புறத்தில் இது மிகுதி. மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் இது தானே அடங்கும். ஆயின் காய்ச்சலோ கடுவலியோ சேர்ந்தால் இயல்பு என்று இருந்துவிடலாகாது. நடுவயது கடந்த பெண்களுக்குக் கருப்பை வாயில் தோன்றும் புற்று, இருபுறத்துச் சிறுநீர்க் குழல்களையும் நெருக்கி அடைத்துவிடுவதுண்டு. மாதவிலக்கு நின்றபின் இரத்தக் கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளை, உறவுக்குப் பின் இரத்தம் ஆகியன தோன்றினால் வெட்கத்தால் மறைத்தல் கூடாது. இப்புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியும் எளிய சோதனைகள் உள்ளன.

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் அடியில் உள்ள புரோஸ்டேட் சுரப்பி பருத்து வழியை நெருக்குகிறது. இரவில் பலமுறை எழுதல், தாரை மெலிதல், தொடங்குவதற்குக் காத்து நிற்றல், விட்டபின்னும் மீதி இருப்பதுபோல் தோன்றல் ஆகியன இதன் அடையாளங்கள். வயதானால் இப்படித்தான் என்று பெரியவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர். அவர்களுள் சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களும் சத்தமின்றி வீங்கிக்கொண்டிருக்கும். நீண்டகால நீரிழிவினால் நரம்புகள் தளர்ந்து, சிறுநீர்ப்பை முற்றும் காலியாகாது நிற்பதும் இத்தகைய விளைவைத் தரும்.

அறிகுறிகள்

கல் திடீரென்று குழலை அடைக்கும்போது உண்டாகும் வலி தாங்கொணாதது. முதுகின் பக்கவாட்டில், விலாவுக்குக் கீழே தொடங்கி, அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். அலை அலையாக வந்து போகும். குமட்டலும் வாந்தியும் உடன் வரும். சிறுநீர் சிவந்து காணலாம். இத்தகைய வலியை எவரும் அசட்டை செய்வதில்லை, மருத்துவமனைக்கு ஓடிவிடுவர்.

கவனிக்க வேண்டியது யாதெனில், வலி நின்றுவிட்டமை அடைப்பு நீங்கிவிட்டதற்குச் சான்றாகாது. சில வேளைகளில் கல் அங்கேயே தங்கிவிட, குழல் அதற்குப் பழகிப்போய் வலி அடங்கிவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டு வலி தீர்ந்து வீடு திரும்பியவர், ‘கல் கரைந்துவிட்டது’ என்று எண்ணித் தறியில் அமர்ந்துவிடுகிறார். உள்ளே சிறுநீரகம் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் கல்வலி வந்து தீர்ந்த ஒவ்வொருவரும், கல் வெளியேறியதா என்பதை மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

உடனே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள் நான்கு உண்டு. விலாவலியோடு குளிரும் காய்ச்சலும் காணுதல் முதலாவது. தேங்கிய நீரில் சீழ் பிடித்திருப்பதை அது காட்டும், சில மணி நேரத்தில் நஞ்சு இரத்தத்தில் பரவி உயிருக்கே உலை வைக்கும். சிறுநீர் முற்றும் நின்றுபோதல் இரண்டாவது. ஒரே சிறுநீரகம் உடையவருக்கு வலி தோன்றுதல் மூன்றாவது. கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சலுடன் கூடிய விலாவலி நான்காவது. இந்நிலைகளில் 108 ஊர்தியை அழைக்கத் தயங்கலாகாது.

சோதனைகள்

முதற்சோதனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஒலியலைகளைக் கொண்டு செய்வதாகலின் கதிர்வீச்சு இல்லை. கருவுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் தீங்கற்றது. வீக்கம் இருப்பதையும், அதன் அளவையும் இது காட்டும். சீட்டில் ‘மைல்டு’ என்றிருந்தால் சிறிது, ‘மாடரேட்’ என்றால் நடுத்தரம், ‘சிவியர்’ என்றால் கடுமை என்று கொள்க. சிறிது என்றிருப்பினும் காரணத்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை.

கல் எங்கே, எவ்வளவு பெரியது என்பதை சி.டி. ஸ்கேன் துல்லியமாகக் காட்டும். சிறுநீர்ச் சோதனை கிருமியையும் இரத்தத்தையும் அறிவிக்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவின் அளவு, சிறுநீரகங்களின் மொத்த ஆற்றலை உணர்த்தும். இங்கு ஒன்றை மறத்தலாகாது: ஒரு சிறுநீரகம் கெட்டு, மற்றொன்று நன்றாக இருப்பின், கிரியேட்டினின் அளவு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். இரண்டு எருதுகளுள் ஒன்று நொண்டினாலும் மற்றொன்று ஏரை இழுத்துச் செல்வது போன்றதே இது. ஒவ்வொரு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறியச் சிறு அளவு கதிரியக்க மருந்தை ஊசியிலேற்றிச் செய்யும் ஸ்கேன் உதவும்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

சிறுநீரகத்தின் உள்நிலையைக் காண வழியில்லாத காலத்தில், வயிற்றில் கட்டிபோல் கைக்குத் தட்டுப்படும் அளவு வீங்கிய பிறகே இந்நோயைக் கண்டுகொண்டனர். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவர் 1869-ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் ஒன்றை அகற்றி, எஞ்சிய ஒன்றைக்கொண்டே மனிதர் வாழ இயலும் என்பதை மெய்ப்பித்தார். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1929-இல் மோசஸ் ஸ்விக் என்பவர், இரத்தத்தில் ஏற்றப்பட்டுச் சிறுநீரோடு வெளியேறும் மருந்தைக்கொண்டு சிறுநீர் வழி முழுவதையும் எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியச் செய்தார். அடைப்பு உள்ள இடத்தை முன்கூட்டியே அறிவது அதன்பின் எளிதாயிற்று.

1949-இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரு ஆங்கிலேய மருத்துவர்கள், பையும் குழலும் சேரும் குறுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல பகுதிகளை மீண்டும் இணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டனர். நைந்துபோன இழையை நீக்கி நல்ல இழைகளை முடிவதைப் போன்ற இம்முறை, இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 1955-இல் அமெரிக்க மருத்துவர் வில்லர்ட் குட்வினும் அவருடைய துணைவர்களும், முதுகுப்புறத்தில் ஊசி செலுத்தி வீங்கிய சிறுநீரகத்து நீரை நேரே வடிக்கும் முறையை வெளியிட்டனர். 1958-இல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டும் அவரோடு உழைத்தோரும் ஒலியலைகளால் வயிற்றினுள் காணும் முறையை அறிவித்தனர். 1978-இல் இரு முனைகளும் கொக்கிபோல் வளைந்த மெல்லிய குழாய் பழக்கத்துக்கு வந்தது. 1980-இல் மியூனிக் நகரில் கத்தியின்றி அதிர்வலைகளால் மனிதரின் சிறுநீரகக் கல்லை உடைத்தனர். முன்னர் சிறுநீரகத்தையே எடுத்தெறிய வேண்டியிருந்த பல நிலைகளில், இன்று அதனைக் காப்பாற்ற இயல்வது இவ்வுழைப்புகளின் பயனேயாகும்.

இன்றைய சிகிச்சை

சிகிச்சையில் இரண்டு படிகள் உண்டு. முதற்படி, தேங்கிய நீரை வடித்துச் சிறுநீரகத்தைக் காத்தல். இரண்டாம் படி, அடைப்புக்குரிய காரணத்தை நீக்குதல்.

அடைப்பு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பின், கதீட்டர் என்னும் வடிகுழாயைச் செலுத்திய உடனே நீர் இறங்கும். மேலே இருப்பின், கொக்கி முனைக் குழாயாகிய ஸ்டென்ட்டை உள்ளே வைப்பர். அல்லது குட்வின் காட்டிய வழியில் முதுகுப்புறமாகக் குழாய் வைத்து நீரை வெளியே ஒரு பையில் இறக்குவர். காய்ச்சலும் சீழும் இருந்தால் முதலில் நீரை வடித்து, கிருமிக்கு மருந்தளித்து, உடல் தேறிய பின்னரே கல்லை நீக்குவர். ‘கல்லை எடுக்காமல் குழாயை மட்டும் வைத்துவிட்டனரே’ என்று உறவினர் வருந்த வேண்டியதில்லை. இதுவே சரியான முறை. இருபுறமும் நெடுநாள் அடைபட்டிருந்து திறந்தவர்க்குச் சிறுநீர் சில நாள் வெள்ளமாகப் போவதுண்டு. அப்போது உப்பும் நீரும் குறையாமல் பார்த்துக்கொள்ள மருத்துவமனையில் தங்கியிருத்தல் அவசியம்.

காரணத்தை நீக்குவது அதன் தன்மைக்கேற்ப அமையும். 5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களுள் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கலாம். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை தாமே வெளியேறுதல் அரிது. குழலிலுள்ள கல்லை, சிறுநீர் வழியாகவே மெல்லிய தொலைநோக்கிக் குழாயைச் செலுத்தி, லேசர் ஒளியால் பொடியாக்குகின்றனர். சிறுநீரகத்திலுள்ள ஓரளவான கற்களை வெளியிலிருந்து அதிர்வலைகளால் உடைப்பர். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லாயின், முதுகில் சிறு துளையிட்டு எடுப்பர். புரோஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரைகள் உண்டு. அவை போதாவிடின் அறுவை உண்டு. பிறவிக் குறுகலுக்கு முன்னர்க் கூறிய தையல் சிகிச்சை உண்டு. புற்றாயின் அதற்குரிய சிகிச்சை வேறு. சிறுநீரகம் முற்றும் செயலிழந்து, சீழும் வலியும் தருமாயின் அதை அகற்ற நேரிடும். மற்றொன்று நன்றாக இருப்பவர் இயல்பாகவே வாழலாம்.

மறந்துபோன குழாய்

ஸ்டென்ட் வைத்துக்கொண்டோர் யாவரும் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்குழாய் நிரந்தரமானதன்று. சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரையில், மருத்துவர் குறிக்கும் நாளில் அதனை எடுத்தோ மாற்றியோ ஆகவேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிவதில்லை. வலி தீர்ந்துவிட்டது, அறுவடை வந்துவிட்டது, பண்டிகைக்குப் புடவை முடித்துக் கொடுக்க வேண்டும், பிள்ளைக்குத் திருமணம் என்று நாள் தள்ளிப்போய்க் குழாயையே மறந்துவிடுவோர் உண்டு. மறந்துபோன குழாயின்மீது உப்புப் படிந்து அதுவே கல்லாகி, மீண்டும் வழியை அடைத்து, காப்பாற்றிய சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். பிறகு எடுப்பதற்குப் பல அறுவைகள் தேவைப்படும். ஆதலால் மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போதே, ‘எனக்குக் குழாய் வைக்கப்பட்டிருக்கிறதா? எந்த நாளில் எடுக்க வேண்டும்?’ என்ற இரு கேள்விகளையும் கேட்டு, தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்தல் வேண்டும்.

நாட்டு வழக்கங்கள்

கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு அருந்துதல் நம் நாட்டு வழக்கம். வாழைத்தண்டு நல்ல உணவே. சாறாக அருந்துவதால் உடலில் நீர் சேர்வதும் உண்மை. ஆயின் குழலில் சிக்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்துவிட்ட கல், சாற்றினால் கரைந்துவிடும் என்று நம்பி வாரக்கணக்கில் காத்திருத்தல், கரை உடையும்வரை மடையில் பூசை போட்டுக்கொண்டிருப்பதை ஒக்கும். அடைப்பு முற்றியிருக்கும் வேளையில் குடம் குடமாக நீர் குடித்தால் கல் தள்ளப்படும் என்பதும் சரியன்று, வலியே மிகும். நீர் கல் வராமல் தடுக்கும் மருந்து. அடைத்துக்கொண்ட கல்லைப் பெயர்க்கும் கடப்பாரை அன்று. சிறுநீரகத்தின் ஆற்றல் ஏற்கெனவே குறைந்துவிட்டவர்கள் இளநீர், வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. அவற்றிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு அத்தகையோருக்கு இதயத்தைத் தாக்கும்.

கடையில் தாமே வாங்கி உட்கொள்ளும் வலி மாத்திரைகளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். முதுகுவலியும் மூட்டுவலியும் நெசவாளருக்கும் உழவருக்கும் உடன்பிறந்தவை. ஆயினும் நாள்தோறும் அம்மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்குத் தீங்கானது. மேலும், விலாவலியை முதுகுவலி என்று தவறாகக் கருதி மாத்திரையால் அடக்கி வைப்பது, நோயைக் கண்டறியும் காலத்தையும் கடத்திவிடும்.

வருமுன் காத்தல்

குழித்தறியில் அமர்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எழுந்தால் வேலை தடைப்படும் என்று தண்ணீரைக் குறைப்போர் பலர். வயலில் நாற்று நடும் பெண்களோ, ஒதுங்க மறைவிடம் இன்மையால், காலை முதல் மாலை வரை நீர் அருந்தாமலேயே இருந்துவிடுகின்றனர். வந்த சிறுநீரையும் அடக்கி வைக்கின்றனர். இதனால் சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல்லுக்கு இடமாகிறது. கிருமி பெருகவும் ஏதுவாகிறது.

நாளொன்றுக்கு 2 முதல் 2½ லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்துவது, கல் வந்தவர்க்குக் கூறப்படும் அறிவுரை. நிழலில் இருப்போர்க்கு இதற்கு ஏறத்தாழ 3 லிட்டர் நீர் தேவைப்படும். வெயிலில் உழைப்போர்க்கு இன்னும் கூடுதல். அளந்து பார்க்க வசதியில்லாதோர் நிறத்தைக் கண்டறியலாம். சிறுநீர் வெளிறிய வைக்கோல் நிறமாக இருப்பின் போதும்; மஞ்சள் முற்றிக் காணின் நீர் போதாது. தாகம் எடுக்கும்வரை காத்திராது, மணிக்கொரு முறை சிறிது சிறிதாக அருந்துதல் நன்று. இதயநோய் அல்லது சிறுநீரகநோய் காரணமாக நீரைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியுள்ளோர் மட்டும் அவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. அவற்றைக் குறைத்தல் நலம். கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதென்று பாலையும் மோரையும் நிறுத்திவிடுவோர் உண்டு. இது தவறு. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து, கல்லுக்குக் காரணமான வேறொரு பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுகிறது. ஆகவே அளவோடு பாலும் மோரும் அருந்தலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது? நூலும் விதையும் கடனும் வழங்கும் சங்கம், அங்கத்தினரின் உடல்நலத்திலும் சிறிது கருத்துச் செலுத்தினால் பெரும்பயன் விளையும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

தறிக்கூடம் ஒவ்வொன்றிலும் மூடியிட்ட தண்ணீர்ப் பானை, எழுந்து செல்லாமலே கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். பெண்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருத்தல் வேண்டும். இதனைச் சலுகையாகக் கருதாது, தறிக்கு வேண்டிய உறுப்புகளுள் ஒன்றாகவே நிர்வாகக் குழுவினர் கருதுவாராக. ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர், கிரியேட்டினின் ஆகியவற்றைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். இரவில் பலமுறை எழும் முதியோரையும், முன்னர்க் கல் வந்தோரையும் ஸ்கேன் செய்துகொள்ளத் தூண்டலாம். ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அங்கத்தினர் விரும்பினால், எடுக்க வேண்டிய தேதியைச் சங்க அலுவலகத்தில் குறித்து வைத்து, வாரக்கூலி வாங்க வரும்போது நினைவூட்டலாம். இதற்குச் செலவாவது ஒரு வரி மை மட்டுமே. காக்கப்படுவதோ ஒரு சிறுநீரகம். அறுவை தேவைப்படுவோர், அரசு மருத்துவமனையிலும் அரசின் காப்பீட்டுத் திட்டத்திலும் தமக்குரிய உதவி யாதெனக் கேட்டறிய, படிவங்களை நிரப்பத் தெரிந்த ஒருவரைச் சங்கம் துணைக்கு அனுப்பலாம்.

ஓர் அங்கத்தினர் கூலியிழப்புக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும்போது, ஒரு வாரத் தேவைக்குச் சிறு முன்பணம் அளிப்பது, பின்னர் அவருடைய கடன் முழுவதும் வாராமற் போவதைவிட எவ்வளவோ மேலானது. ஸ்கேன் சீட்டைப் பெட்டியில் வைத்திருப்போர், அதனை இன்றே எடுத்து மருத்துவரிடம் காட்டி, அடைப்பு எங்கே, எதனால், எந்நாளுக்குள் நீக்க வேண்டும் என மூன்றையும் கேட்டறிவாராக.